மூச்சு விட எந்தத் தசை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். மூச்சுத் திணறலோடு வருபவர்களுக்குப் பயிற்சி சொல்லிக்கொடுப்பதுதான் என் அன்றாட வேலை. யார் வந்தாலும் சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொரு முறையும் காகிதத்தில் படம் கிறுக்கிக் காட்டிக் கை வலித்ததால் எல்லாவற்றையும் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

நுரையீரல்தானே விரிந்து காற்றை இழுக்குது? இதுல தசைக்கு என்ன வேலை?

நுரையீரலுக்குத் தானாக விரியத் தெரியாது. வெளியே எடுத்து வைத்தால் காற்றுப் போன பலூன் மாதிரி சுருங்கிவிடும். மூச்சுக்குழாய்களின் சுவரில் மெல்லிய தசை இருப்பது உண்மைதான். ஆனால் அது குழாயை இறுக்கவும் தளர்த்தவும் மட்டுமே செய்யும் (ஆஸ்துமாவில் தொல்லை கொடுப்பது அதுதான்). காற்றை இழுக்கும் வேலை அதற்குக் கிடையாது.

இழுப்பது நுரையீரலைச் சுற்றியுள்ள மார்புக்கூடு. தசைகள் அந்தக் கூட்டைப் பெரிதாக்குகின்றன. நுரையீரலுக்கும் கூட்டுக்கும் நடுவே மெல்லிய நீர்ப்படலம் ஒன்று இருக்கிறது. ஈரமான 2 கண்ணாடித் தகடுகள் ஒட்டிக்கொள்வது போல, அது நுரையீரலைக் கூட்டோடு ஒட்ட வைத்திருக்கிறது. கூடு விரிந்தால் நுரையீரலும் கூடவே விரிந்தாக வேண்டும். உள்ளே அழுத்தம் லேசாகக் குறையும், வெளிக்காற்று தானாக உள்ளே வரும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய 500 மில்லிலிட்டர். நிமிடத்துக்கு 14 முறை என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு நாளைக்கு 20,000 மூச்சு ஆகிறது.

உதரவிதானம்னு சொல்றீங்களே, அது எங்கே இருக்கு? தொட்டுப் பார்க்க முடியுமா?

மூச்சை இழுக்கும் முக்கியத் தசை அது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே, கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி இருக்கிறது. கனம் சில மில்லிமீட்டர்தான். விளிம்பு கீழ் விலா எலும்புகளிலும் மார்பெலும்பின் நுனியிலும் முதுகெலும்பிலும் ஒட்டியிருக்கும். நடுவில் தசை இல்லை, தசைநார்த் தகடு. சுற்றியுள்ள தசை சுருங்கும்போது கிண்ணத்தின் உச்சி கீழே இறங்குகிறது. அமைதியான மூச்சில் 1 முதல் 2 செ.மீ. இறங்கும், ஆழ்ந்து இழுத்தால் அதைப் போலப் பல மடங்கு. சாதாரண மூச்சில் மூன்றில் இரண்டு பங்கு வேலையை இது ஒன்றே பார்த்துவிடுகிறது.

நேரடியாகத் தொட முடியாது. ஆனால் அது வேலை செய்வதை உணரலாம். மார்பெலும்பு முடியும் இடத்துக்குக் கீழே உள்ள குழியில் 2 விரல்களை வைத்து, பூவை மோந்து பார்ப்பது போல மூக்கால் சட்டென்று இழுங்கள். விரல்களை ஏதோ முட்டித் தள்ளும். உதரவிதானம் கீழே இறங்கி வயிற்று உறுப்புகளை நெருக்குவதால் வரும் முட்டல் அது. கூடவே இன்னொரு கையைக் கீழ் விலாவின் பக்கவாட்டில் வைத்தால், அந்த இடம் வெளிப்பக்கம் நகர்வதும் தெரியும். வயிறு கொஞ்சம் எதிர்த்து நிற்பதால்தான் உதரவிதானத்தால் கீழ் விலாக்களைத் தூக்கி விரிக்க முடிகிறது. வயிற்றுச் சுவர் முழுக்கத் தளர்ந்தவர்களுக்கு இந்த விரிவு குறைந்துவிடும்.

அதுவே இவ்வளவு வேலை செஞ்சா, விலா எலும்புக்கு நடுவுல இருக்கிற தசை எதுக்கு?

உதரவிதானம் இறங்கியதும் மார்புக்குள் அழுத்தம் குறைகிறது. அந்த இழுப்பு காற்றை மட்டும் இழுப்பதில்லை, மார்புச் சுவரையும் உள்நோக்கி இழுக்கப் பார்க்கிறது. விலாவிடைத் தசைகள் விறைத்து நிற்பதால்தான் சுவர் உள்ளே குழியாமல் இருக்கிறது. அப்புறம் அவை விலாக்களைத் தூக்கவும் செய்கின்றன. மேல் விலாக்கள் ஏறும்போது மார்பெலும்பு அடிபம்பின் கைப்பிடி போல முன்னால் எழும். கீழ் விலாக்கள் வாளியின் கைப்பிடி போலப் பக்கவாட்டில் உயரும்.

இந்தத் தசைகளில் 2 அடுக்குகள் முக்கியம். வெளி அடுக்கின் நார்கள், சட்டைப் பையில் கை விடும்போது விரல்கள் போகும் திசையில், கீழ்நோக்கி முன்பக்கமாகச் சரிந்திருக்கும். உள் அடுக்கு அதற்குக் குறுக்காக ஓடும். வெளி அடுக்கு மூச்சை இழுக்க, உள் அடுக்கு விட என்று 18-ம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் மருத்துவர் ஹாம்பெர்கர் வடிவியல் கணக்கு போட்டுச் சொன்னார். சுவிஸ் அறிஞர் ஹாலர் அதை ஒப்புக்கொள்ளாமல், இரண்டுமே இழுக்கத்தான் என்று வாதாடினார். பெரும்பாலும் ஹாம்பெர்கர் பக்கம்தான் நியாயம். ஒரு முக்கியமான விதிவிலக்கு உண்டு: உள் அடுக்கில் மார்பெலும்பை ஒட்டி, குருத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கும் பகுதி மூச்சை இழுக்கும் பக்கம்தான். பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் படித்துவிட்டு வரும் மாணவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

மூச்சை வெளியே விட எந்தத் தசை?

சும்மா இருக்கும்போது எதுவும் இல்லை. இழுத்து விட்ட ரப்பர் போல நுரையீரல் தானே சுருங்கும், காற்று வெளியே போகும். சொல்லப்போனால் உதரவிதானம் பட்டென்று கைவிடாமல் விடுமூச்சின் தொடக்கத்தில் கொஞ்சம் பிடித்துப் பிடித்துத்தான் விடுகிறது. அதனால்தான் மூச்சு புஸ்ஸென்று போகாமல் நிதானமாகப் போகிறது.

மெழுகுவத்தியை அணைக்க, ஓட, கத்த, இருமத்தான் ஆள் தேவை. அப்போது வயிற்றுத் தசைகள் வருகின்றன. அவற்றில் முதலில் வருவது ஆழத்தில் இடுப்புப் பட்டை போலக் குறுக்கே சுற்றியிருக்கும் தசை, பிறகு சாய்வாக ஓடும் 2 அடுக்குகளும் நடுவே நெடுக்காக நிற்கும் தசையும். இவை வயிற்றை அமுக்கி, உதரவிதானத்தைக் கீழிருந்து மேலே தள்ளும். உள் விலாவிடைத் தசைகள் விலாக்களைக் கீழே இறக்கும்.

ஓடிட்டு நின்னா தோளும் கழுத்தும் ஏறி ஏறி இறங்குது. அது ஏன்?

ஓய்வில் நிமிடத்துக்கு 6, 7 லிட்டர் காற்று போதும். கடுமையாக ஓடும்போது 100 லிட்டரைத் தாண்டும். உதரவிதானமும் விலாவிடைத் தசைகளும் மட்டும் அதற்குப் போதாது, கழுத்திலிருந்து ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. காதுக்குப் பின்னாலிருந்து மார்பெலும்பு வரை கயிறு போலத் தெரியும் தசை ஒன்று. அதற்குப் பின்னால், கழுத்துப் பட்டை எலும்புக்கு மேலே ஆழத்தில் இருக்கும் ஸ்கேலீன் தசைகள் இன்னொன்று. முன்னது மார்பெலும்பைத் தூக்கும், பின்னது முதல் 2 விலாக்களைத் தூக்கும். ஸ்கேலீன்களைத் துணைத் தசை என்று சொல்வது வழக்கம். உண்மையில் அமைதியான மூச்சிலும் அவை கொஞ்சம் வேலை செய்துகொண்டேதான் இருக்கின்றன.

ஓடி முடித்ததும் குனிந்து முழங்காலில் கையை ஊன்றுகிறோமே, அதுவும் காரணமில்லாமல் இல்லை. மார்பிலிருந்து கைக்குப் போகும் பெரிய தசைகளுக்கு வழக்கமான வேலை கையை அசைப்பது. கையை ஊன்றி நிறுத்திவிட்டால் அதே தசைகள் மறுமுனையில் விலாக்களை இழுத்துத் தூக்க முடியும். எதிராளி சோர்ந்துவிட்டார் என்பதற்கு அது அடையாளம் என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள். எனக்கு அது உடம்பின் சாமர்த்தியமாகத்தான் படுகிறது.

மூச்சு விடறதுக்கே சக்தி செலவாகுமா?

ஆகும். ஓய்வில் உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் 5 சதவீதத்துக்கும் குறைவு. உச்சகட்ட உடற்பயிற்சியில் 10 முதல் 15 சதவீதம் வரை மூச்சுத் தசைகளுக்கே போய்விடும். அந்த நேரத்தில் மூச்சுத் தசைகள் சோர்ந்தால் காலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுருங்கி, ரத்தம் மூச்சுத் தசைகளின் பக்கம் திரும்பும். கால் கெஞ்சுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வயித்து மூச்சு நல்லதா, மார்பு மூச்சு நல்லதா?

இந்தக் கேள்விக்கு ஒரு வார்த்தையில் பதில் கேட்பவர்கள்தான் அதிகம். ஆரோக்கியமான மூச்சில் இரண்டும் சேர்ந்தே நகரும். படுத்தால் வயிறு அதிகம் அசையும், நிமிர்ந்தால் மார்பு அதிகம் அசையும். வயிறு உப்புவதே காற்று வயிற்றுக்குள் போவதால் என்று நினைப்பவர்களும் உண்டு. காற்று எப்போதும் மார்புக்குள்தான், உப்புவது கீழே தள்ளப்பட்ட உறுப்புகள்.

எந்த வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருக்கும்போதே தோள் ஏறி, கழுத்துத் தசை புடைத்து நின்றால் அதைக் கவனிக்க வேண்டும். பதற்றத்தில் சிலருக்கு அப்படி ஆகும், அவர்களுக்குக் கையை வயிற்றில் வைத்து நிதானமாக மூச்சு விடும் பயிற்சி உதவும். ஆனால் நுரையீரல் நோய் முற்றியவரிடம் போய் "வயிற்றால் மூச்சு விடுங்கள்" என்று வற்புறுத்தினால் திணறல் கூடவும் வாய்ப்புண்டு. காரணம் கீழே வருகிறது.

நாலு நாள் இருமினதுல வயிறெல்லாம் வலிக்குது. நோய் நெஞ்சுலதானே, வயிறு ஏன் வலிக்கணும்?

இருமலின் உழைப்பு முழுக்க வயிற்றில்தான். முதலில் ஒரு நல்ல இழுமூச்சு. அடுத்து குரல்நாண்கள் சேர்ந்து மூச்சுப்பாதையை அடைக்கின்றன, ஏறக்குறைய 0.2 விநாடிதான். அந்த இடைவெளியில் வயிற்றுத் தசைகள் முழு பலத்தோடு இறுகி, மார்புக்குள் அழுத்தத்தை 100 மி.மீ. பாதரசத்துக்கு மேல்கூடக் கொண்டுபோகும். பிறகு அடைப்பு திறக்கிறது, சளியை வாரிக்கொண்டு காற்று பாய்கிறது. இதை ஒரு நாளில் நூறு தடவை செய்தால், உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போன மறுநாள் வருவது போன்ற தசைவலிதான் வரும்.

வயிற்றில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் வலிக்குப் பயந்து அரைகுறையாக இருமுவார்கள். சளி தேங்கிவிடும். தலையணையைத் தையல் மேல் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இருமச் சொல்வோம். செய்து பார்த்தவர்களுக்கு வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

விக்கல்?

உதரவிதானம் சட்டென்று வெட்டி இழுக்கிறது. ஏறக்குறைய 35 மில்லிவிநாடிக்குள் குரல்நாண்கள் மூடிக்கொள்கின்றன. உள்ளே பாய்ந்த காற்று மூடிய கதவில் மோதி நிற்பதுதான் அந்த "ஹிக்". கருவிலிருக்கும் சிசுவுக்கே விக்கல் வருவதை ஸ்கேனில் பார்க்கலாம். 2 நாளுக்கு மேல் விடாமல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பாடறவங்களுக்கு வயித்துலேருந்து பாடுன்னு சொல்றாங்களே, நிஜமாவே வயித்துத் தசைதானா?

பாதி நிஜம். நுரையீரல் நிறையக் காற்றை இழுத்துவிட்டு ஒரே சுருதியில் "ஆ" என்று நீட்டிப் பாருங்கள். முதல் சில விநாடிகளில் நீங்கள் தள்ளவே வேண்டாம், மேலே சொன்ன ரப்பர் சுருக்கமே தேவைக்கு மேல் தள்ளும். அப்போது மூச்சை இழுக்கும் தசைகள், முக்கியமாக வெளி விலாவிடைத் தசைகள், பிரேக் போடுகின்றன. காற்று பாதியாகக் குறைந்த பிறகு பிரேக் மெதுவாக விடுபடும். கடைசியில் வயிற்றுத் தசைகள் தள்ள ஆரம்பிக்கும். வயிற்றில் கை வைத்திருந்தால் அந்த மாற்றம் நிகழும் இடம் கைக்குத் தெரியும்.

பேச்சிலும் இதே கதைதான், சின்ன அளவில். இழுப்பது வேகமாக, விடுவது மெதுவாக. அதனால்தான் மூச்சுத் தசை பலவீனமானவர்கள் வாக்கியத்தை முடிக்க முடியாமல் 2, 3 சொல்லுக்கு ஒருமுறை நிறுத்துகிறார்கள். நோயாளி கதவைத் திறந்துகொண்டு வந்து வணக்கம் சொல்லி உட்காருவதற்குள் எனக்குப் பாதி விஷயம் புரிந்துவிடும்.

தூங்கும்போது யார் பார்த்துக்கிறாங்க?

மூளைத்தண்டின் அடியில் இருக்கும் முகுளம். விழித்திருக்கும்போது நாம் நினைத்தால் பெருமூளை குறுக்கே புகுந்து மூச்சை அடக்கவோ வேகப்படுத்தவோ முடியும். தூங்கியதும் பொறுப்பு முழுக்க முகுளத்துக்குத்தான்.

கனவு வரும் உறக்கக் கட்டத்தில் ஒரு விசித்திரம் நடக்கிறது. உடம்பின் தசைகள் ஏறக்குறைய எல்லாமே செயலிழந்து கிடக்கும், விலாவிடைத் தசைகளும் கழுத்துத் தசைகளும் உட்பட. உதரவிதானம் மட்டும் தனியாளாக இழுத்துக்கொண்டிருக்கும். ஏற்கெனவே அது பலவீனமாக இருந்தால் முதல் சிக்கல் இந்த நேரத்தில்தான் வரும். காலையில் தலைவலியோடு எழுவது அதற்கு ஓர் அறிகுறி.

பலர் கணக்கில் சேர்க்காத மூச்சுத் தசை ஒன்று உண்டு: நாக்கு. ஒவ்வோர் இழுமூச்சிலும் நாக்கின் பெரிய தசை லேசாக முன்னால் இழுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கிறது. தூக்கத்தில் அது தளர்ந்தால் குறட்டை. முழுக்க அடைத்தால் மூச்சுத் தடை, உதரவிதானம் இழுத்துக்கொண்டே இருந்தாலும் காற்று உள்ளே போகாது.

குழந்தைக்கு வயிறுதான் ஏறி இறங்குது, மார்பு அசையவே இல்லை. பயப்படணுமா?

பச்சிளம் குழந்தைக்கு அது இயல்பு. பெரியவர்களுக்கு விலாக்கள் கீழ்நோக்கிச் சரிந்திருப்பதால், தூக்கினால் மார்பு விரியும். குழந்தைக்கு அவை ஏறக்குறையக் கிடைமட்டமாகவே இருக்கின்றன, தூக்கிப் பயனில்லை. எலும்பும் மென்மையானது. அதனால் உதரவிதானத்தையே நம்பியிருக்கிறது.

பயப்பட வேண்டியது வேறு. மூச்சை இழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால், உதரவிதானம் தன் சக்திக்கு மேல் இழுக்கிறது என்று பொருள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, நிமிடத்துக்கு 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை 60, 2 முதல் 12 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40 மூச்சு, அல்லது அதற்கு மேல் விட்டால் வேகமான மூச்சு. குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். குழிவு தெரிந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்பாவுக்கு ரொம்ப வருஷமா சிகரெட் பழக்கம். எப்பவும் மேஜையில கையை ஊன்றி, உதட்டைக் குவிச்சு ஊதறார். அது கெட்ட பழக்கமா?

விட்டுவிடுங்கள், அவர் தானே கண்டுபிடித்த வைத்தியம் அது. புகையால் நுரையீரலின் ரப்பர் தன்மை போய்விட்டால், உள்ளே போன காற்று முழுதாக வெளியே வராது. மார்பு எப்போதும் உப்பியே நிற்கும். கிண்ணம் போலிருந்த உதரவிதானம் தட்டு போலத் தட்டையாகிவிடும். தட்டையான தசை சுருங்கினால் கீழே இறங்க இடமில்லை, விளிம்பில் ஒட்டியிருக்கும் கீழ் விலாக்களைத்தான் உள்நோக்கி இழுக்கும். அவர் சட்டையைக் கழற்றியிருக்கும்போது பக்கவாட்டில் பாருங்கள், மூச்சை இழுக்கும்போது கீழ் விலா வெளியே போவதற்குப் பதில் உள்ளே வரும். இப்படிப்பட்டவருக்கு வயிற்று மூச்சை வற்புறுத்தக்கூடாது என்று முன்பு சொன்னது இதனால்தான்.

அதனால் வேலை கழுத்துக்கும் மார்புத் தசைகளுக்கும் போகிறது. கையை ஊன்றுவது எதற்கு என்று ஓட்டக்காரரைப் பற்றிய பதிலில் பார்த்தோம். உதட்டைக் குவித்து ஊதினால் மூச்சுக்குழாய்க்குள் கொஞ்சம் அழுத்தம் தங்கும். சிறு குழாய்கள் மூடிக்கொள்ளாமல் கூடுதல் காற்று வெளியேறும்.

கழுத்தெலும்பு முறிஞ்சவங்கள்ல சிலர் தானா மூச்சு விடறாங்க, சிலருக்கு மெஷின் வேணும். ஏன்?

உதரவிதானம் இருப்பது வயிற்றுக்கு மேலே, அதன் நரம்பு கிளம்புவது கழுத்திலிருந்து. ஃப்ரெனிக் நரம்பு என்று பெயர், கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5-ம் நரம்புகளிலிருந்து வருகிறது. கருவில் உதரவிதானம் கழுத்துப் பகுதியில் உருவாகி, பிறகு நரம்பையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்குவதுதான் இந்த நீளப் பயணத்துக்குக் காரணம். காயம் 3-க்கு மேலே என்றால் உதரவிதானத்துக்குச் செய்தியே போகாது, இயந்திரம் வேண்டும். 5-க்குக் கீழே என்றால் உதரவிதானம் பிழைத்துவிடும், விலாவிடைத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் போய்விடும். மூச்சு இழுக்கலாம், ஆனால் பலமாக இரும முடியாது.

இதே நரம்பால் இன்னொரு குழப்பமும் வரும். உதரவிதானத்தின் அடியில் ரத்தமோ சீழோ தேங்கினால் தோள்பட்டை நுனியில் வலிக்கும். தோளின் தோலுக்கும் அதே மட்டத்து நரம்புகள்தான் போகின்றன. மூளைக்கு வலி எங்கிருந்து வருகிறதென்று பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை.

ஒரு நோயாளி படுத்தா மூச்சு முட்டுதுங்கிறார், இன்னொருத்தர் உட்கார்ந்தா முட்டுதுங்கிறார். ரெண்டு பேருக்கும் தசை பலவீனம்தானாம். எப்படி?

என்னிடம் வந்ததிலேயே நல்ல கேள்வி இது. எந்தத் தசை பலவீனம் என்பதில்தான் விடை இருக்கிறது.

உதரவிதானத்தின் இரு பக்கமும் செயலிழந்தவர் படுத்தால், வயிற்று உறுப்புகள் மார்புப் பக்கம் சரிந்து உதரவிதானத்தை மேலே தள்ளும். எதிர்த்துத் தள்ள அதற்குச் சக்தி இல்லை. மூச்சை இழுக்கும்போது வயிறு உப்புவதற்குப் பதில் உள்ளே போகும். உட்கார்ந்தால் உறுப்புகள் கீழே இறங்கிவிடும், நிம்மதி. ஒரு பக்கம் மட்டும் போனால் ஆரோக்கியமானவர்கள் பெரும்பாலும் சமாளித்துவிடுவார்கள். தோள் அறுவை சிகிச்சைக்காகக் கழுத்தில் மரத்துப்போகும் ஊசி போடும்போது அந்தப் பக்கத்து உதரவிதானம் சில மணி நேரம் செயலிழப்பது சகஜம்.

தண்டுவடக் காயத்தில் உதரவிதானம் மட்டும் தப்பியவருக்குக் கதை தலைகீழ். உட்கார்ந்தால், தாங்கிப் பிடிக்க வயிற்றுத் தசை இல்லாததால் உறுப்புகள் முன்னால் தொங்கும். உதரவிதானம் முன்கூட்டியே கீழே இறங்கிக் கிடக்கும், மேலும் இறங்க இடம் குறைவு. படுத்தால் அது மறுபடி கிண்ணமாகும், நன்றாக இழுக்கும். உட்காரவைக்கும்போது வயிற்றைச் சுற்றி அகலமான பட்டை கட்டுகிறோமே, அது இல்லாத தசைக்குப் பதிலாக.

வென்டிலேட்டர் வெச்சா தசைக்கு ஓய்வுதானே? நல்லதுதானே?

கொஞ்ச காலத்துக்கு நல்லது, பிறகு சிக்கல். 1928-ல் அமெரிக்காவில் பிலிப் டிரிங்கர் கொண்டுவந்த இரும்பு நுரையீரல், போலியோ நோயாளியின் உடம்பைச் சுற்றி அழுத்தத்தைக் குறைத்து, தசை செய்ய வேண்டிய வேலையை வெளியிலிருந்து செய்தது. 1952-ல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன் வேறு வழி எடுத்தார். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, மருத்துவ மாணவர்கள் முறைவைத்துக் கையால் பையை அமுக்கிக் காற்றை உள்ளே தள்ளினார்கள். இன்றைய இயந்திரங்களும் அப்படித்தான் தள்ளுகின்றன.

முழு வேலையையும் இயந்திரமே பார்த்தால் உதரவிதானம் சில நாட்களிலேயே மெலிய ஆரம்பிக்கும். பிறந்ததிலிருந்து விடுமுறையே எடுக்காத தசை அது, சும்மா இருந்து பழக்கமில்லை. அதனால் நிலைமை அனுமதித்ததும் நோயாளியைத் தானே கொஞ்சம் இழுக்க விடுகிறார்கள். இயந்திரத்தை எடுப்பதற்குச் சிலருக்கு வாரக்கணக்கில் ஆவதற்கும் இந்த மெலிவு ஒரு காரணம்.

மூச்சுத் தசைக்கு எக்சர்சைஸ் உண்டா? அந்த மூணு பந்து மெஷின் வாங்கி தினமும் ஊதறேனே.

உண்டு. இழுக்கும்போது தடை கொடுக்கும் சிறு கருவி ஒன்று இருக்கிறது, எடை தூக்குவது போலத் தடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம். முதலில் வாயால் எவ்வளவு பலமாக இழுக்க முடிகிறது என்று அளப்போம். 80 செ.மீ. நீர் அழுத்தத்துக்கு மேல் இழுத்தால் தசையில் பெரிய பலவீனம் இல்லை, திணறலுக்குக் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். பலவீனம் இருப்பவர்களுக்கு அளந்ததில் 30 சதவீத அளவில் ஆரம்பிப்பது வழக்கம்.

மூன்று பந்துக் கருவி வேறு. அது பலத்துக்கு அல்ல, அறுவை சிகிச்சைக்குப் பிறகும் படுக்கையில் கிடக்கும்போதும் ஆழ்ந்து மூச்சிழுக்க வைத்து, மூடிக்கிடக்கும் காற்றறைகளைத் திறப்பதற்கு. அதில் ஊதக்கூடாது! வாரக்கணக்கில் ஊதிவிட்டு "பந்து ஏறவே மாட்டேங்குது" என்று வருபவர்கள் உங்களைப் போல நிறையப் பேர். முதலில் மூச்சை வெளியே விட்டுவிட்டு, குழாயை வாயில் வைத்து மெதுவாக இழுங்கள். பந்து ஏறியதும் 2, 3 விநாடி அப்படியே நிறுத்துங்கள், பிறகு குழாயை எடுத்துவிட்டு மூச்சை விடுங்கள். மூன்றாவது பந்தை எழுப்புவதற்காக வெடுக்கென்று இழுக்க வேண்டாம், ஒரு பந்து நிதானமாக மேலே நின்றாலே போதும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துத் தொடருங்கள்.